நிழல் இல்லாத விளக்கு

உள்நாட்டுச் சண்டை முடிந்து, பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர் ஆலங்குடாக் கடற்கரைக்கு வரத் தொடங்கிய காலத்தில்தான் தச்சுவேலை நிக்கொலஸ் பாஸ் பட்டைவாள் இயந்திரம் வாங்கினார். அதுவரை வள்ளம் திருத்தினவர். ஹோட்டல்காரர்களுக்கு, வெள்ளைக்காரர் உட்கார வளைந்த கால் வைத்த கதிரை வேண்டியிருந்தது. இரண்டு சக்கரங்களில் நாடா போல ஓடுகிற அந்த வாள், எந்த வளைவையும் வாழைத்தண்டு போல அறுக்கும். கை தவறினால் விரலையும் அப்படித்தான். இடது சுட்டுவிரல் நுனியை ஏற்கெனவே கொடுத்திருந்தார். மனைவி கத்தரினா அன்றே சொல்லிவிட்டார்:

"இன்னொருக்கா ஏதும் நடந்தா மெசின் யோசேப்புட லொறியில ஏறும்."

யோசேப்பு சிலாபத்தில் பழைய இயந்திரங்கள் வாங்கி விற்கிறவர்.

மகள் அஜித்தாவுக்கு ஆஸ்பத்திரிக் கருவிகள் திருத்துகிற வேலை. அப்பாவின் கண் மங்கத் தொடங்கியதும், வாளுக்குப் பக்கத்தில் தூசி படிந்து தொங்கிய மஞ்சள் பல்பைக் கழற்றி எறிந்தாள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கண்டதை இங்கே செய்தாள். மேசைக்கு மேலே, இரு பக்கமும் இரண்டு வெள்ளை விளக்குகள். ஒன்றின் நிழலை மற்றது அழிக்கும்.

நிக்கொலஸ் விளக்கின் கீழே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகள், நான் செத்துப் பேயாகிற்றன் போல. நிழலக் காணல்ல."

போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துக் கடை ஹிஸ்புல்லா எட்டிப் பார்த்து, "பாஸ், இதுல ஆளப் படுக்கவெச்சு ஒப்பரேசனும் செய்யலாமே," என்றார்.

"செய்யலாம். முதல்ல உன்ட நாக்கு."

அடுத்த முறை அஜித்தா வீட்டுக்கு வந்தபோது, கத்தரினா குசினிக்குக் கூட்டிப்போய் அடுப்படி விறகுக் குவியலைக் கிளறிக் காட்டினார். அடியில் கதிரைக் கால்கள். புதுப் பலாமரம். ஒவ்வொன்றிலும் வளைவு எங்கேயோ விலகிப் போயிருந்தது.

"உங்கப்பாட வேலை. ஒளிச்சு வெச்சிருக்கார். கண் போயிற்று மகள். யோசேப்ப இண்டைக்கு வரச்சொல்லிற்றன்."

அஜித்தா பட்டறைக்குப் போனாள்.

"அப்பா, லைட் எப்படி?"

"நல்ல லைட்."

"அப்ப விறகு?"

நிக்கொலஸ் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

"நீ பூட்டினது மகள். சரியில்ல எண்டு நான் எந்த வாயால சொல்றது?"

மேசையில் கிடந்த பலகையைப் பார்த்தாள். வெறும் பலகை. "இன்னும் கோடு கீறல்லயா?"

"கீறியாச்சே."

அவள் பலகையை எடுத்து வாசல் பக்கம் சரித்தாள். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் மயிர் போலக் கோடு கறுத்து எழுந்தது. பென்சில் கோடல்ல, ஆணி முனையால் கீறியது. வள்ளவேலையில் பழகிய கை. ஈரப்பலகையில் பென்சில் பிடிக்காது. கீறல் என்பது சின்னப் பள்ளம். அதன் கரை நிழல் விழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். மங்கலாக இருந்தாலும் பழைய பல்பு பக்கத்தில் நின்று அந்த நிழலைக் கொடுத்தது. அவளுடைய விளக்குகள் அதைத் துடைத்துவிட்டன.

ஒரு விளக்கைக் கழற்றினாள். மற்றதை மேசை மட்டத்துக்கு இறக்கி, ஒளி பலகையை உரசிக்கொண்டு போகும்படி சரித்துப் பூட்டினாள். கண்ணில் அடிக்காமலிருக்கப் பால்மாத் தகரப் பேணியை வெட்டி மறைப்பு வைத்தாள்.

"முந்தித் திருவிழா. இப்ப செத்தவீடு," என்றார் நிக்கொலஸ்.

"கோடு தெரியுதா, இல்லையா?"

அவர் குனிந்தார். "ஓம் மகள். தெரியுது."

லொறி வந்து நின்றபோது வாள் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரினா உள்ளே வந்து கணவரின் விரல்களையே பார்த்தபடி நின்றார். கதிரைக் கால் பலகையிலிருந்து பிரிந்து விழுந்தது. கத்தரினா அதை எடுத்து வளைவில் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

"யோசேப்பண்ண, தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க. மெசின் விக்கிறதுக்கில்ல."

"அப்ப என்னத்துக்கு லொறிய வரச்சொன்னீங்க?"

"விறகு கிடக்கு. ஏத்துங்க."

அதற்குப் பிறகும் நிக்கொலஸ் பல ஆண்டுகள் அறுத்தார். விரல் ஒன்றும் போகவில்லை. மாரடைப்பு வந்தது ஒரு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கதிரையில்.

அடக்கம் முடிந்து அஜித்தா பட்டறையைத் திறந்தாள். இறந்த அன்று காலை அப்பா அறுத்த கால்கள் மேசையில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைப் பார்த்தாள். வாள் கீறலை விட்டு எங்கும் விலகவில்லை.