பின்சீட்டைத் துடைத்த நாள்

பக்கத்து வீட்டு பாய் எங்கள் காரின் பின்சீட்டில்தான் உயிரை விட்டார். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது நான்.

நான் ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. பாய் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தார். அவர் மனைவியை நான் பாபி என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு காம்பவுண்டு சுவர்தான். ரம்ஜானுக்குக் கஞ்சியும் பொங்கலுக்குக் கரும்பும் அந்தச் சுவரின் மேலாகத்தான் போய் வரும்.

கார் வாங்கியபோது சீட் கவருக்கு பாய்தான் தோல் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல தேன் நிறம். ஏற்றுமதியில் கழித்துப் போட்ட தோல், ஓரத்தில் ஒரு தழும்பு இருந்தது. அதை உள்பக்கம் மறைகிற மாதிரி வெட்டச் சொல்லி, தைக்கும் கடைக்கு அவரே கூட வந்தார். மாட்டி முடித்ததும் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க டீச்சர். ஈரத் துணியால தொடச்சா போதும்" என்றார்.

அன்றைக்கு முழுப்பரீட்சை லீவு. வெயில் கொளுத்திய மத்தியான நேரம். பாபி சுவரோரம் நின்று கூப்பிட்டார். சத்தம்கூடப் போடவில்லை.

"டீச்சர், கொஞ்சம் வர்றீங்களா? இவருக்கு இன்னாவோ மாதிரி இருக்குது."

போய்ப் பார்த்தால் பாய் நாற்காலியில் சாய்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காரில் ஏற்றி ஊரிலேயே இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. காத்திருக்க வேண்டாம், நானே ஓட்டுகிறேன் என்றேன். பாபி பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஹைவேயில் ஏறிய பிறகு கண்ணாடியில் எனக்கு பாபியின் துப்பட்டா மட்டும்தான் தெரிந்தது. பாய் தெரியவில்லை. வழியில் ஒரு தடவை வாந்தி எடுத்தார். பாபி துப்பட்டாவால் துடைத்தார். மாதனூர் தாண்டியதும் பாய் உருதுவில் ஏதோ மெதுவாகச் சொன்னார். லாரிக்காரனின் ஹாரனில் அது எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் பேச்சே இல்லை. டோல்கேட்டைத் தாண்டியதும் பாபி "யா அல்லா" என்று மூச்சு விடுகிற மாதிரி சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. பாபிக்கும் புரிந்திருக்கும். ஆனாலும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் வேகத்தைக் குறைக்கவில்லை. அப்படியே வேலூர் வரைக்கும் போனோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்டர் காருக்குள்ளேயே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பாபியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

சாயந்தரம் வாணியம்பாடியிலிருந்து பாபியின் அண்ணன் வந்தார். ஆம்புலன்ஸில் பாயை ஏற்றினார்கள். பாபியும் அதிலேயே ஏறிக்கொண்டார். நான் காலிக் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். எல்லா ஜன்னலையும் இறக்கி வைத்திருந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் மேலே திருப்பி விட்டிருந்தேன்.

வீட்டு கேட் முன்னால் என் வீட்டுக்காரர் கையில் பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். டியூட்டியிலிருந்து பாதியில் வந்திருந்தார்.

"உள்ள எடுத்துட்டு வராத. அங்கியே நிறுத்து."

நான் இறங்கியதும் பின்கதவைத் திறந்து, டெட்டால் கலந்த போர் தண்ணீரை அப்படியே சீட்டின் மேல் ஊற்றினார். ஒரு பக்கெட் போதாமல் இன்னொன்று. வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்வதற்குத் தெம்பில்லை. பாயோடு தினமும் டீக்கடைக்குப் போகிறவர் அவர்.

அடுத்த வாரமே அந்தத் தோல் விறைத்துப்போயிற்று. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் ஒரே உப்பு. காய்ந்த இடமெல்லாம் வெள்ளை பூத்து, தையல் ஓரங்கள் சுருண்டுகொண்டன. அடியில் ஸ்பான்ஜ் ஈரம் காயாமல் ஒரு வாடை வந்தது. டெட்டாலும் புளித்த துணியும் சேர்ந்தது போன்ற வாடை.

"வித்துடலாம்" என்றார் வீட்டுக்காரர். "இல்லன்னா அந்த சீட் கவரையாவது கிழிச்சுப் போட்டுட்டு வேற மாத்தலாம். எனக்கு அதுல ஏறவே பேஜாரா இருக்குது."

முதலில் நானே சுத்தம் செய்து பார்க்கிறேன் என்று சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வேப்பமர நிழலில் நிறுத்தினேன். கால்மிதிகளை எல்லாம் எடுத்துச் சுவரில் போட்டேன். தெரிந்த டீச்சர் ஒருவர் வீட்டிலிருந்து வேக்குவம் கிளீனர் வாங்கி வந்திருந்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் குழாயை விட்டபோது அது எதையோ கவ்விக்கொண்டு உறுமியது. குனிந்து கையை விட்டு இழுத்தேன். பாயின் செருப்பு, இடதுகால்.

அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒரு பேப்பரில் சுற்றிக்கொண்டு பாபி வீட்டுக்குப் போனேன். பாபி இத்தாவில் இருந்தார். கணவர் இறந்த பிறகு நான்கு மாதத்துக்கும் மேலாக வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள், வெளி ஆண்கள் முகத்தில் விழிக்கமாட்டார்கள். பெண்கள் போய்ப் பார்க்கலாம். உள் அறையில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

செருப்பைப் பிரித்துப் பார்த்தார். "இன்னொண்ணு ஆஸ்பத்திரிலேர்ந்து வரவே இல்ல" என்றார். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காரைக் கழுவுறீங்களா டீச்சர்? வேக்குவம் சத்தம் கேட்டுது."

"ஆமா பாபி."

"பின்சீட்ட?"

"இன்னும் தொடல."

"தொடாதீங்க. நான் வர்றேன். இத்தா முடிஞ்சதும் நானே வந்து தொடச்சுத் தர்றேன். அதுவரைக்கும் அப்படியே வுட்டுடுங்க. மாத்திட வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் மற்ற வேலையெல்லாம் செய்தேன். டேஷ்போர்டில் ஏசி காற்று வருகிற சந்துகளைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தூசி எடுத்தேன். ஸ்டீயரிங்கைத் துடைத்தபோது துணி கறுப்பாக வந்தது. அன்றைக்கு அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேனோ. வெளியே ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகு, போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும் என்று குடிக்கிற கேன் தண்ணீரால் கடைசியாக ஒரு தடவை ஊற்றி, சொட்டு விடாமல் ஒற்றி எடுத்தேன். பின்கதவுக் கண்ணாடியின் உள்பக்கத்தில் ஒரு கை பதிந்த தடம் இருந்தது. விரல்கள் கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. யாருடையது என்று தெரியவில்லை. அந்தக் கண்ணாடியையும் துடைக்காமல் விட்டேன். நிமிர்ந்தபோது, பாபி வீட்டுச் சமையலறை ஜன்னலில் திரை அசைந்து நின்றது.

அந்த நான்கு மாதமும் அந்தக் காரில் நான் மட்டும்தான் போனேன். வீட்டுக்காரர் ஏறவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு, வழியில் ஏற்றிக்கொள்ளும் டீச்சர்கள் இரண்டு பேர் ஷேர் ஆட்டோவுக்கு மாறிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடிக்கும். சமையல் சோடாவைக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். வாடை கம்மியாகும், மழை பெய்தால் மறுபடியும் ஜாஸ்தியாகும்.

இத்தா முடிந்து சில நாள் கழித்து, ஒரு காலையில் பாபி எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு கட்டைப்பை. அதில் மெல்லிய பனியன் துணிகள், குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு, தோலுக்குப் போடும் கிரீம் டப்பா ஒன்று. பாய் தன்னுடைய ஷூவுக்கு வைத்திருந்த கிரீம். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பாபி பின்கதவைத் திறந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முட்டி போட்டு ஏறினார். நான் அந்தப் பக்கக் கதவு வழியாக ஏறினேன். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஷாம்பு ஒரு சொட்டு விட்டுத் துடைத்தோம். உப்பு வெள்ளை துணியில் வந்துகொண்டே இருந்தது. தையல் இடுக்கில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். அந்த இடுக்கிலிருந்து ஒரு வளையல் துண்டு வந்தது. பாபி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கவரைக் கழற்றி நிழலில் போட்டுவிட்டு, ஸ்பான்ஜைத் துணியால் அழுத்தி அழுத்தி ஒற்றினோம். அதில் பழுப்பாக ஒரு வட்டம் இருந்தது. எவ்வளவு ஒற்றியும் அது போகவில்லை.

டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பி வைத்தேன். காய்கிறவரைக்கும் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். டீ போட்டுக் கொடுத்தேன். பாபி அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளா உள்ளயே வெச்சினு இருக்கேன்."

"சொல்லுங்க பாபி."

"கடைசியா அவர் ஒண்ணு கேட்டாரு. குளுருது, டீச்சர்கிட்ட ஏசிய கம்மி பண்ணச் சொல்லுன்னாரு. நான் சொல்லல. நீங்க அவ்ளோ வேகமாப் போய்ட்டிருந்தீங்க. பேசினா கவனம் திரும்பிடுமோன்னு வுட்டுட்டேன். என் துப்பட்டாவும் ஈரமாயிட்டுது, போத்தறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல. கடைசியாக் கேட்டது அதுதான் டீச்சர். ஒரு வார்த்த உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க குறைச்சிருப்பீங்க. குளுர்லயே போய்ட்டாரு."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த மே மாதம் முழுக்க எங்கள் காரில் ஏசி வேலை செய்யவில்லை. கேஸ் போயிருந்தது. ஜன்னலை இறக்கினால் அனல் அடிக்கிறது என்று வெறும் ஃபேனை மட்டும் ஓட விட்டிருந்தேன். சத்தம்தான் வரும். வருவது வெந்த காற்று. வேலூர் போய்ச் சேர்ந்தபோது என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

பாபியின் மனசிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

"பாபி, அன்னிக்கு ஏசியே ஓடல. ரிப்பேர். வெறும் ஃபேன் சத்தம் அது. நீங்க சொல்லியிருந்தாலும் நான் கம்மி பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. உள்ள அவ்ளோ வெக்கையா இருந்துது."

பாபி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன். அது மெதுவாக வேறு மாதிரி ஆயிற்று.

"ஏசி இல்லியா?"

"இல்ல பாபி."

"அந்த வெயில்ல அவருக்குக் குளுந்துதா." தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "அப்போ அவருக்கு அப்பவே..."

அதை அவர் முடிக்கவில்லை. டீயைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். காய்ந்த கவரை எடுத்து மாட்டினோம். அவர் கிரீமை விரலில் தொட்டு வட்ட வட்டமாகத் தேய்த்தார். தோல் கொஞ்சம் இளகியது. பழைய தேன் நிறம் வரவில்லை, தேய்த்த இடமெல்லாம் கறுத்துத்தான் வந்தது. கண்ணாடியில் இருந்த கைத்தடத்தைக் காட்டி, துடைக்கட்டுமா என்று கேட்டேன். அவர் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. "என்னுதுதான்" என்று சொல்லி, தன் முந்தானையாலேயே அதைத் துடைத்துவிட்டார்.

அந்த மாதமே பாபியின் அண்ணன் வந்து அவரை வாணியம்பாடிக்குக் கூட்டிப்போய்விட்டார். அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் குடிவந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். காம்பவுண்டு சுவரை உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்காரர் இப்போது காரில் ஏறுகிறார், முன்சீட்டில் மட்டும். வாடை பெரும்பாலும் போய்விட்டது. அந்த ஏசி பேச்சை எடுக்காமல் இருந்திருக்கலாமோ என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சொல்லாமல் விட்டிருந்தால் தன்னால்தான் குளிரில் போனார் என்று அவர் நினைத்துக்கொண்டே இருந்திருப்பார். சொன்னதால், பாதி வழியிலேயே உடம்பு சில்லிட்டுப்போன மனிதரை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதில் எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டிசம்பர் லீவில் பாபியைப் பார்க்க வாணியம்பாடிக்குப் போனேன். காரை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு போயிருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த பாபி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பிரியாணி வைத்தார். ஸ்கூலைப் பற்றி, என் வீட்டுக்காரரின் சர்க்கரையைப் பற்றி எல்லாம் விசாரித்தார். பாயைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், கார் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தபடி என் தோளில் கை வைத்தார்.

"அடுத்த தடவ பஸ்ல வாங்க டீச்சர்."

சரி பாபி என்றேன். அதற்குப் பிறகு பஸ்ஸில்தான் போய் வருகிறேன்.