மூக்கு குனிந்த கார்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அந்த அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் பிரேக்கம்மா. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருடமாக அதை மிதித்து மிதித்து, அவருக்கு வலது கால் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். வாயும் ஓயாது. அவரிடம் திட்டு வாங்காமல் யாரும் லைசென்ஸ் வாங்கியதில்லை. வாங்கியவர்களோ, அவர் வாசலைத் தாண்டும்போது ஹாரன் அடிக்காமல் போனதில்லை.

நாலு மாதமாகியும் தேறாமல், விடாமலும் வந்துகொண்டிருந்தவர் அவருடைய நாத்தனார். கணவரின் தங்கை, கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். ஸ்டியரிங், கியர் எல்லாம் சுத்தம். பிரேக்கைத் தொட்டால்தான் வம்பு. கார் மூக்கு தரையில் இடிக்கப்போவதுபோல் குனிந்து, இரண்டு ஆட்டம் ஆடித்தான் நிற்கும்.

“பிரேக்க மிதிக்கிறியா, தையல் மெஷின மிதிக்கிறியா?”

“மெதுவாத்தான் அண்ணி கால வெச்சேன்.”

“மெதுவா வெச்சா இப்படியா குனியும்? வண்டிக்கே வெக்கமா இருக்கு.”

பதிலுக்குப் பதில் பேசினாலும் உள்ளே நொந்துபோயிருந்தார் நாத்தனார். “எனக்குக் கார் வராதுண்ணா, விட்டுடறேன்” என்று ஒருநாள் அண்ணனிடம் சொல்லியே விட்டார்.

அந்த வாரம் கடைக்குத் துணி கொண்டுவந்த வேன் டிரைவர், காலி மைதானத்தில் தன் வேனை ஒரு சுற்று ஓட்டிப்பார்க்கச் சொன்னார். நாத்தனார் வழக்கம்போலவே பிரேக்கை மிதித்தார். வேன் சமர்த்தாக நின்றது. மறுபடி மிதித்தார். அப்போதும் அப்படியே.

விஷயத்தைக் கேட்ட டிரைவர், “காரோட முன்மூலைய நல்லா அமுக்கி விட்டுப் பாருங்க. ஒரு தடவ எழும்பி அடங்கினா சரி. ஆடிக்கிட்டே இருந்தா ஷாக் அப்சார்பர் போச்சுனு அர்த்தம்” என்றார்.

மறுநாள் காலை வகுப்புக்கு வந்த நாத்தனார், கதவைத் திறக்காமல் காரின் முன்மூலையில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கி விட்டார். கார் மேலும் கீழுமாக ஆடியது.

“என்னடி பண்ற என் வண்டிய?”

“எண்ணுங்க அண்ணி.”

அடுத்த அமுக்கலுக்குப் பிரேக்கம்மாவே எண்ணினார். நாலு ஆட்டம். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. நாத்தனார் டயரின்மேல் விரலை ஓட்டினார். “இங்க மேடு, இங்க பள்ளம். ஒரே சீரா தேயல.”

மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். “ரெண்டு பக்கமும் சேத்துத்தான் மாத்தணும். ரப்பர் புஷ்ஷும் நைஞ்சு போச்சு. வேகத்தடையில லொடக்கு லொடக்குனு கேக்கலியா?”

கேட்டது. பின்னால் ஜாக்கி உருளுகிறது என்று நினைத்து, அதை மூன்று தடவை துணி சுற்றி வைத்திருந்தார் பிரேக்கம்மா.

“தெனம் அதுலயே உக்காந்திருக்கீங்க, கொஞ்சங்கொஞ்சமா தேயறது எப்படித் தெரியும்?” என்றார் மெக்கானிக். அந்த ஆறுதல் அவருக்கு எடுபடவில்லை.

புதுசு மாட்டியதும் நாத்தனார்தான் ஓட்டினார். முச்சந்தியில் பிரேக் போட்டார். கார் நிமிர்ந்து நின்றது. பிரேக்கம்மா தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். பிறகு, “ஓரமா நிறுத்து” என்றார்.

“தப்பு எம்மேலதாண்டி. நாலு மாசமா உன்னப் போட்டு வறுத்தெடுத்துட்டேன்.”

“இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணி, காது சரியா கேக்கல.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த மாதமே நாத்தனார் முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கினார்.

பிரேக்கம்மாவுக்கு அதோடு மனசு ஆறவில்லை. அந்தக் காரில் பிரேக் சரியாக வராமல், திட்டு வாங்கிப் பாதியில் நின்றுபோனவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். அவர்களில் ஒருவர் பல் டாக்டர்.

“டாக்டர், அன்னைக்கு உங்க கால்தான் சரியில்லனு சொன்னேன். சரியில்லாதது என் வண்டி.”

“அப்பாடா! நான் காலுக்கு எக்ஸ்ரேயே எடுத்துப் பாத்துட்டேன்மா.”

திங்கட்கிழமையே டாக்டர் வந்து நின்றார். கிளப்பும்போதே கிளட்சை டபக்கென்று விட, வண்டி குலுங்கி அணைந்தது.

“இதுவும் வண்டிக் கோளாறுதானே?” என்றார் ஆவலாக.

“இல்ல டாக்டர். இது நீங்களேதான்” என்றார் பிரேக்கம்மா, வாயெல்லாம் பல்லாக.