கிறிஸ்துமஸ் ஒயினுக்கு மார்க்

எழுபதுகளின் கடைசியில் நான் மலேசியாவின் பாடாங் செராயில் ஆசிரியை. எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த நான்கு வீட்டுப் பெண்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவோம். டிசம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் என் வீட்டில் கூடி, ருசி பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவோம். யாருக்கும் ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவள் போட்டதற்கு ஐந்து கொடுக்க யாருக்கு மனம் வரும்? எல்லோருக்கும் ஒன்பதுதான். பள்ளியில் அரை மார்க்கைக்கூட சும்மா கொடுக்காத நானும் ஒன்பதே போட்டேன்.

எங்களில் ஒருவர் எஸ்டேட் நர்ஸ். எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. ஒரு வருடம் அவருக்கு இது பொறுக்கவில்லை.

"இப்படி போட்டா என்ன அர்த்தம்? வெளியாள் ஒருத்தர வச்சி போடுவோம் லா."

போய் மளிகைக் கடை அண்ணனைக் கூட்டி வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஒயினை அதுவரை தொட்டதில்லை. ஆனால் மல்லியை முகர்ந்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவார்.

யாருடையது என்று தெரியாதபடி நான்கு கிளாஸில் ஊற்றி, எண் ஒட்டி வைத்தோம். அண்ணன் முதல் கிளாஸை முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

"ஏழு போடலாம். ஜாதிக்காய் தூக்கலா இருக்கு. மிஸ்ஸி, நீங்கதானே ரெண்டு தடவ வந்து வாங்கினீங்க?"

மிஸ்ஸி வருடக்கணக்காக மறைத்துவந்த ரகசியம் அது. அடுத்த கிளாஸில் கிராம்பு, அதற்கடுத்ததில் ஏலக்காய். எந்த வீட்டுக்கு என்ன போனது என்று அண்ணனுக்கு அத்துப்படி. வயிறு வலிக்கச் சிரித்தோம், என்னுடையது வரும்வரை.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. சீனி பத்தல. மூணுதான். இதுல ரசம் வைக்கலாம்."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"மூணே அதிகம்ண்ணே," என்றேன். அவர் புரையேறும்வரை சிரித்தார்.

அடுத்த அக்டோபரில், அண்ணனுக்குத் தெரியாமல் சாமான் வாங்க சுங்கை பட்டாணிக்குப் பஸ் ஏறினேன். அங்கே கடைக்குள் நுழைந்தால் மிஸ்ஸி நிற்கிறார். அவருக்குப் பின்னால் மற்ற இரண்டு பேரும்.

"மீன் வாங்க பாசாருக்கு வந்தேன் டீச்சர்," என்றார் மிஸ்ஸி, பட்டைப் பொட்டலத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டே.

அந்த வருடமும் அண்ணனைத்தான் கூப்பிட்டோம். எது யாருடையது என்று தெரியாமல் திண்டாடினார். எனக்கு ஆறு கிடைத்தது. அன்று முழுவதும் அதையே வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.