பச்சை அட்டையும் மூன்று பென்சில் கோடுகளும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். எங்கள் வீட்டுச் சாமி மேடையில், விபூதித் தட்டுக்கு அடியில், மகனின் பச்சை நிறக் கிளினிக் அட்டை இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே மறைக்க இனி மனம் ஒப்பவில்லை.

மகனுக்கு அப்போது மூன்று வயது. காது கேட்காததால் பேச்சும் வரவில்லை. சீக்கிரம் காதில் மெஷின் வைத்தால்தான் பேச்சு வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளைகளின் காது கிளினிக்கில் பெயர்ப் பட்டியல் நீண்டு கிடந்தது. "யாராவது வரலன்னா அந்த எடத்துக்கு வரச்சொல்லி ஒங்களுக்கு போன் அடிப்பேன்மா. எடுக்கலன்னா அடுத்த ஆளுதான்" என்றார் மிஸ்ஸி, அங்கே பட்டியல் பார்க்கும் நர்ஸ்.

எனக்கு அடுத்துப் பெயர் கொடுத்தவர் மெர்கோங்கில் இருந்த ஓர் அக்கா. அவர் மகளுக்கும் இதே குறை. கிளினிக் பெஞ்சில் அவர் கட்டிவந்த மீகூனைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவள் நான். அவர் மகளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜித்ரா கோயிலில் மணி அடித்ததும் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்கு கிளினிக் உள்ள ஆள் இருக்குக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். "எனக்கு அங்க கெண்டின்ல சாப்பாடு போடுறவனக்கூடத் தெரியாதுலா தங்கச்சி."

அவர் நீட்டிய குங்குமத்தை வாங்காமல் நகர்ந்தேன். சந்நிதியில் நின்று, அந்த மெஷின் கெட்டுப்போகட்டும் என்று வேண்டினேன். ஆமாம், வேண்டினேன்.

மறுவாரம் மிஸ்ஸியிடம் சண்டைக்குப் போனேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே மூன்று பென்சில் கோடுகள்.

"ஒரு தடவ அடிச்சா ஒரு கோடு. காலையில ரெண்டு தடவ அடிச்சேன், ஒங்க போன் ஆஃப். அப்புறம் அந்த அக்காவக் கூப்பிட்டேன். 'தங்கச்சிதான் மிஸ்ஸி முன்னாடி, இன்னொருக்கா அடிச்சுப் பாருங்க'ன்னாங்க. மூணாவது கோடு அதான்."

அப்போது நான் நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் இருந்தேன். காலைப் பூஜை முடியும்வரை போனை அடைத்துவைப்பேன். விளக்கின் முன்னால் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்ததே அந்த ஒரு போனைத்தான்.

மகனுக்கும் பிறகு இடம் வந்தது, பல மாதம் கழித்து. இப்போது பேசுகிறான், கொஞ்சம் குழறும். அந்தப் பிள்ளை மேடையேறித் தேவாரம் பாடுகிறதாம். கேள்விப்பட்டபோது பழைய எரிச்சல் மறுபடி எட்டிப் பார்த்தது. அக்கா பண்டார் பாருவுக்குக் குடிபோய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இன்று பச்சை அட்டைக்குப் பக்கத்தில் என் போனும் இருக்கிறது. பூஜை நேரத்திலும் அதை அடைப்பதில்லை. இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். எனக்காகப் பாவப்பட்டு, சந்நிதியில் நான் வேண்டிக்கொண்டதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அக்காவின் காதுக்கு அது முழுசாகப் போய்ச் சேரட்டும்.