கடிச்சுப் பாருங்கம்மா

சுனாமிக்கு மறுவருஷம் கோடையில, என் மேல் கடைவாய்ப் பல்லுக்கு கேப் போட்டான் திண்டிவனத்துப் பல் டாக்டர். போட்டார்னு சொல்ல மனசு வரல. அவனுக்கு இதுவே ஜாஸ்தி.

ஊசி போட்டு பாதி மூஞ்சி மரத்துக் கெடந்தப்ப, "கடிச்சுப் பாருங்கம்மா, சரியா இருக்கா?"ன்னு கேட்டான். உதடு எங்க இருக்குதுன்னே தெரியல, பல்லா தெரியும்? டாக்டர் கேட்டா தலையாட்டித்தானே நமக்குப் பழக்கம். ஆட்டிட்டேன்.

வீட்டுக்கு வந்து மரப்பு தெளிஞ்சதும் பார்த்தா, வாயை மூடுனா வேற எந்தப் பல்லும் சேரல. கேப்பு மட்டும் கீழ்ப்பல்லு மேல முட்டுது, செருப்புக்குள்ள கல்லு கெடக்குற மாதிரி. திரும்பப் போனேன். "புதுசு இல்லையா, பழகிடும். நீங்கதானே சரின்னு சொன்னீங்க"ன்னான். வீட்டுக்காரரும் அவனுக்கே ஒத்து ஊதுனார்: "படிச்சவரு சொல்றாரு. உனக்கு எதுலதான் கொறை இல்ல?"

இவங்களுக்கு என்ன தெரியும்? நான் மரக்காணம் உப்பளத்துல கூடை சுமக்குறவ. ஈர உப்பு தலையில ஏறிட்டா, வழுக்குற வரப்புல பல்லைக் கடிச்சிக்கிட்டாத்தான் கழுத்து நிக்கும். சுமக்குற பொம்பளைங்க எல்லாருமே அப்படித்தான். ஒவ்வொரு கூடைக்கும் அந்த கேப்பு கீழ்ப்பல்லை இடிச்சுது. அது நல்ல பல்லு. நண்டுக் காலை உடைக்குற பல்லு, பூச்சி அண்டுனதே இல்ல. இப்ப பச்சத்தண்ணி பட்டாலே உயிர் போச்சு. கூட சுமக்குறவ, "உப்புத் தண்ணியில வாய் கொப்புளிடி"ன்னா. "நாள் பூரா அதுலதான்டி நிக்கிறோம், போடி"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

ஒருநாள் கூடையைப் போட்டுட்டு அப்படியே பஸ் ஏறிட்டேன். டாக்டர் வாசல்ல காத்திருந்த ஜனங்ககிட்ட கத்துனேன்: "மரத்த வாயோட கடிக்கச் சொன்னா யாரும் சரின்னு சொல்லிடாதீங்க!" உள்ளேருந்து ஓடியாந்தான். ஊசி வேணாம்னுட்டேன். கலர் தாளைக் கடிக்க வெச்சு, இடிக்கிற இடத்தைப் பார்த்து கேப்பைக் கொஞ்சம் ராவுனான். அவ்வளவுதான், வாய் பொருந்திடுச்சு. அடப்பாவி, இதுக்கா இத்தனை நாள் அலையவிட்ட?

அப்புறம் கீழ்ப்பல்லைப் பார்த்தான். மூஞ்சி சுண்டிப்போச்சு.

"விரிசல் விட்டிருக்குதும்மா. பரவாயில்ல, அதுக்கும் ஒரு கேப் போட்டுடலாம்."

"ஒண்ணு போட்டு நான் பட்டது போதாதா? பிடுங்குடா"ன்னேன்.

அதுக்கு மட்டும் ஊசி போட்டுப் பிடுங்கிட்டான். இப்ப நண்டுக் காலை அம்மியில வெச்சு உடைக்கிறேன். அவன் போட்ட கேப்பு இன்னிக்கும் கல்லாட்டம் இருக்குது. கீழ பல்லுதான் இல்ல.