கோபுர கார்டுக்கு வைத்த பொட்டு

சங்கிலிப்பாண்டி ராஜபாளையத்து நூல் மில்லில் ஃபிட்டர். குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். மற்ற ஃபிட்டர்கள் போனஸ் பணத்தில் மனைவிக்குத் தோடு வாங்கினார்கள். இவர் பழைய பேப்பர் கடைகளில் குத்தவைத்து உட்கார்ந்து, வெள்ளைக்காரன் காலத்துப் படம் போட்ட தபால் கார்டுகளை வாங்கினார். அதிலும் நம்மூர்ப் படமாகத்தான் இருக்க வேண்டும். வாசலுக்கு வந்தால் ஓசியில் தெரிகிற கோபுரத்தைக் காசு கொடுத்து வாங்கும் ஒரே மனிதர் என்று மில் முழுக்கப் பெயரெடுத்திருந்தார்.

"ஏலே சங்கிலி, இன்னைக்கு எந்தக் கோபுரம்லே சிக்குச்சு?" என்பார் கூட வேலை பார்க்கும் வைகுண்டராஜ். "விட்டா ஊரணியவும் மடிச்சுப் பையில போட்டுருவ போலிருக்கே!"

1991இல் இதற்கெல்லாம் பதில் சொல்ல ஒரு வழி பிறந்தது. ராஜபாளையத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பழம்பொருள் கண்காட்சி. மதுரையிலிருந்து வரும் நிபுணர் ஒருவர் சிறந்த சேகரிப்பாளரைப் பொறுக்கியெடுத்துக் கோப்பை தருவாராம். வருஷக்கணக்காகக் 'கார்டு கிறுக்கன்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு, 'சேகரிப்பாளர்' என்று ஒரு படித்தவர் வாயால் கேட்டுவிட்டால் போதும். அதற்கென்றே ஆண்டாள் கோயில் கோபுர கார்டு ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஒரு மடிப்பு, ஒரு கறை கிடையாது. பின்பக்கம் யாரோ ஒரு துரை தன் அக்காவிடம் நம்மூர் வெயிலைப் பற்றி அழுதிருந்தார்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை. ஜெயிக்க வேண்டுமே என்று, ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் கார்டுகளையும் வைத்தார்.

"பக்கத்துல இருந்தாப் போதும். தொட்றாத, என்ன?" என்று மனைவி அழகுத்தாயை எச்சரித்துவிட்டு, வாசலில் பூசணிக்காய் உடைக்கப் போனார்.

உடைத்துவிட்டு வந்தால், கோபுரத்தின் நட்டநடுவே சந்தனம், அதன்மேல் கொழுகொழுவென்று குங்குமம்.

"அடிப்பாவி! என்னட்டி செஞ்சு வச்சிருக்க?"

"என்ன செஞ்சிட்டேன்? எண்ணெய் வழியுற ஸ்பேனருக்குப் பொட்டு, ஆண்டாள் கோயிலுக்குப் பொட்டு கிடையாதா? நல்லாருக்கே உங்க நியாயம்!"

மில்லில் யூனியன் தலைவரையே மடக்கும் மனிதர் துண்டைத் தேடி ஓடினார். துடைத்துப் பார்த்தார். சந்தனம் கோபுரத்தைத் தாண்டி ஆகாயம் வரை பரவியதுதான் மிச்சம்.

கண்காட்சியன்று வேறு வழியில்லாமல், பொட்டும் கறையுமாக அந்தக் கார்டையே மேஜை நடுவில் வைத்தார். நிபுணர் பூதக்கண்ணாடியோடு வந்தார். பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"பாழாக்கிட்டீங்களேப்பா. போட்டிக்கு லாயக்கில்ல."

சொன்னவர் அடுத்த மேஜைத் தீப்பெட்டி லேபிள்காரருக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டார். சங்கிலிப்பாண்டி பையை எடுத்துக் கார்டுகளை அடுக்கத் தொடங்கினார். அப்போதுதான் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜை முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"செத்த நேரம் இருங்கய்யா, எடுத்துராதீக. பிள்ளைகளக் கூட்டிட்டு வாரேன்."

பொட்டு வைத்த கோபுரத்தைப் பார்த்த பிறகு கும்பிடாமல் போக யாருக்கு மனசு வரும்? அவர் பின்னால் நாலு பேர், அவர்கள் பின்னால் வரிசை. யாரோ கதம்பம் சாத்தினார்கள். வைகுண்டராஜும் வந்து, மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். தீப்பெட்டிக்காரர் கோப்பையும் கையுமாகத் தனியே நின்றார்.

கூட்டம் என்னவென்று பார்க்க நிபுணர் திரும்பி வந்தார்.

"அந்தக் கார்டைக் கொஞ்சம் கொடுங்க, பின்பக்கத்தைப் பார்க்கணும்."

சங்கிலிப்பாண்டி பையைக் கீழே வைத்தார்.

"ஷூவக் கழட்டிட்டு வரிசையில வாங்க சார்."

நிபுணர் சுற்றிலும் பார்த்தார். வரிசை முழுக்க அவர் காலையே பார்த்தது. குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.