மூன்றாவதாக வந்த சித்தப்பா

எந்தக் காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரன் பெரியவன் என்பது உலகத்துக்கே தீராத வழக்காக இருக்கலாம். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதை நான் எட்டு வயதிலேயே தீர்த்துவிட்டிருந்தேன். அப்பா தன் காலத்தில் மாவட்ட ஹெவிவெயிட் சாம்பியன். அவரைவிடப் பத்து வயது இளையவரான சித்தப்பா தன் காலத்தில் அதே பிரிவில் மூன்றாவது. இதற்குப் போய் யாராவது வாதாடுவார்களா?

வாதாடினார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் காலத்தில் தலைக்கவசம் ஏது, கையுறைகூட மெலிசுதான் என்பார் அப்பா. எங்கள் காலத்துப் பையன்களின் வேகத்தை நீ பார்த்ததில்லை என்பார் சித்தப்பா. நான் எப்போதும் அப்பா கட்சி. சுவரில் மாட்டியிருந்த அவருடைய சான்றிதழை, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூடப் படித்துக் காட்டாமல் விட்டதில்லை. அவ்வளவு தலைக்கனம்.

சித்தப்பாவுக்கு நாவலூரில் வேலை கிடைத்த வருடம், பெருங்களத்தூரிலிருந்து பெண் வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சித்தப்பாவின் தோளைப் பார்த்துவிட்டு, பாக்ஸிங் பழக்கம் உண்டா என்று விசாரித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சித்தப்பா தேர்டுதான் அங்கிள். எங்கப்பாதான் ஃபர்ஸ்ட்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்படியானால் மாப்பிள்ளை அண்ணனிடம் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார் அவர். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் பிரியாணியில் வைத்த கை அப்படியே இருந்தது. அப்பா தன் தட்டைத் தள்ளிவைத்தார்.

"சார், இவன் நெஜமாவே சண்டை போட்டு தேர்டு வந்தவன். மூக்கு ஒடஞ்சும் எறங்கல. என் வருஷத்துல ஹெவிவெயிட்டுக்கு என்னைத் தவிர ஒருத்தரும் பேர் குடுக்கல. எனக்கு எடையே பத்தல சார். ஒரு சீப்பு வாழப்பழத்தத் தின்னுட்டு மெஷின்ல ஏறி நின்னேன். கையத் தூக்கிவிட்டு சர்டிஃபிகேட் குடுத்துட்டாங்க. ஒரு குத்துகூட நான் குத்துனதில்ல."

எனக்கு மானமே போய்விட்டது. இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மொட்டைமாடிக்கு ஓடிப்போய் அழுதேன். இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்று அப்பாவைப் பற்றி யாரிடம் பெருமையடித்தாலும் அந்த மதியச் சாப்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறேன். எங்கப்பா சாம்பியன்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அன்றைக்குச் சித்தப்பாவும் என்னைப்போலவே அந்தக் கதையை முதல்முறையாகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்த வாழைப்பழச் சீப்பை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிய சின்னப் பையனே அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அத்தனை ஞாயிற்றுக்கிழமை வாதாடியும் ஒருநாள்கூட அவர் அதைச் சொல்லவில்லை.